வெள்ளிமுகனுக்கு பார்டர் போட்டவர்

மண்டியில் நெல் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். எத்திராஜ் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தான்.

“தணிகாசலண்ணன் பூட்டாருடா. வேலூர்லருந்து எடுத்துகினு வராங்க. கண்ணமங்கலம் தாண்டிட்டாங்களாம்.”

மஞ்சள் காமாலை என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது எங்களுக்குத் தெரியும். பத்தியம் இருந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். எத்திராஜ் தராசு மேடையிலேயே உட்கார்ந்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. செத்தவரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்கிற வெட்கம். அது இன்னும் போகவில்லை. அதனால் வட்டத்து நண்பர்களே, இதை இரங்கல் உரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாம் எல்லோரும் சேர்ந்து தலைகுனிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. யாராவது ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஊருக்கு அவர் ‘டிசைன்’ தணிகாசலம். பட்டுப் புடவைக்குக் கட்டம் போட்ட தாளில் பார்டரும் புட்டாவும் வரைந்து கொடுப்பது அவர் தொழில். நமக்கு அவர் வெள்ளிமுகன் வாசகர் வட்டத்தின் மூத்த அண்ணன். எழுபதுகளின் தொடக்கத்தில், நாமெல்லாம் டவுசர் போட்டுக்கொண்டு வெள்ளிமுகன் படக்கதைக்காக வேலூர் பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற காலத்திலேயே, அவர் மீசை வைத்த ஆள். மீசையோடு நம் கூட்டத்தில் நின்று முண்டியடித்து வாங்குவார். “இன்னாய்யா, பொம்ம புக்குக்கு இப்பிடி அடிச்சிக்கிற” என்று கடைக்காரர் கேட்டால், “எங்க பெரிம்மா பையன் கேட்டான்” என்றெல்லாம் புளுகமாட்டார். “எனக்குத்தான், ஜல்தியா குடு” என்பார். நாம்தான் பின்னாளில் கல்யாணம் ஆன பிறகு பெண்டாட்டிக்குத் தெரியாமல் புத்தகத்தை ரேஷன் பைக்குள் ஒளித்து எடுத்துப்போனோம்.

வெள்ளிமுகன் கதை எப்படி நின்றது என்று உங்களுக்கு நினைவிருக்கும். எதிரிகள் துரத்த, கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒற்றைக் கையால் தொங்குகிறான். கீழே கடல் கொந்தளிக்கிறது. ‘அடுத்த இதழில்’ என்று போட்டார்கள். அடுத்த இதழ் வரவேயில்லை. காகிதத் தட்டுப்பாடு என்றார்கள், கம்பெனி நொடித்துவிட்டது என்றார்கள். பத்து வருஷம் அவன் அங்கேயே தொங்கினான். அதற்குள் எத்திராஜ் தறி போட்டான், நசீர் பாய் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்தார், நான் மண்டிக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை தையல் கடையில் கூடிப் பழைய இதழ்களைப் புரட்டுவோம். கடைசிப் பக்கம் வரும்போதெல்லாம் அண்ணன், “பாவம்டா, கை மரத்துப் பூட்டிருக்கும்” என்பார். ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

நம் வட்டத்தின் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், வெளியூர் வாசகர்கள் இதைப் படிக்கக்கூடும். ஆரணியில் நெசவாளி கொண்டுவந்த புடவையைப் பாயில் விரித்ததும் எந்த முதலாளியும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார். சொன்னால் மறுநாள் கூலி ஏற்றிக் கேட்பான். அதனால் முதலில் குற்றம்தான் வரும். இங்கே இழை விட்டிருக்கிறது, அங்கே சாயம் மங்கல். பிடித்திருந்தால் முதலாளி ஒன்றும் பேசாமல் மடித்து உள்ளே வைத்துக்கொள்வார். அந்த மௌனம்தான் பாராட்டு. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். சாப்பாட்டுக்கும் அப்படித்தான், மருமகளுக்கும் அப்படித்தான். படக்கதையை மட்டும் விடுவோமா? புத்தகத்தைப் படித்ததும் ஆளுக்கொரு குற்றம் சொல்ல வேண்டும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பத்திரிகைக்கு ஒரு கடிதம். வட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் அது தபால் பெட்டிக்குப் போகும். நம்மை நாமே பெரிய ரசிகர்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

வெள்ளிமுகன் மறுபடியும் வரப்போகிறான், புதிய ஓவியர் தேவை என்று விளம்பரம் வந்தபோது, அண்ணன் யாரிடமும் சொல்லாமல் நாலு படம் வரைந்து சென்னைக்கு அனுப்பினார். எடுத்துக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் பக்கோடா பொட்டலத்தோடு தையல் கடைக்கு ஓடி வந்த வேகத்தை நான் மறக்கமாட்டேன். வேட்டி தடுக்கி வாசலிலேயே விழப் பார்த்தார்.

“டேய், என் கையாலதான்டா அவன எறக்கி உடப் போறேன்!”

நாற்பது வயதை நெருங்கிய மனிதர், நம் முன்னால் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பத்து வருசமா தொங்கிகினு கீறான்டா” என்றார். அவர் வாழ்க்கையில் அவருக்கென்று கேட்ட ஒரே விஷயம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

புத்தகம் வந்தது. வட்டத்துக்கு எப்போதும் ஒரே பிரதிதான் வாங்குவோம், அது கைமாறிக் கைமாறிப் போகும். அந்த மாதம் முதலில் படிக்கும் முறை என்னுடையது. மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். வெள்ளிமுகன் கலங்கரை விளக்கத்திலிருந்து இறங்குகிறான். இறங்கியதும் எதிரியை அடிக்கப் போகவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து, மரத்துப்போன கையைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறான். ஒரு கட்டம் முழுக்க அவ்வளவுதான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை நான் சொன்னேனா? சொல்லவில்லை. நம் வழக்கம் ஒன்று இருக்கிறதே!

எத்திராஜ்தான் ஆரம்பித்தான். “இன்னாண்ணா இது, வெள்ளிமுகன் மேலங்கிக்கு ஓரத்துல கோபுர பார்டர் போட்டுகீற? வில்லன அடிக்கப் போறானா, கல்யாணத்துக்குப் போறானா?”

கடையே குலுங்கியது. நசீர் பாய், முகமூடியில் பழைய கம்பீரம் இல்லை என்றார். தாவும்போது கால் கோணல் என்றார் இன்னொருவர். என் முறை வந்தது. பின்னணியில் வரும் அலைகள் புடவை முந்தானை மாதிரி வரிசையாக இருக்கின்றன என்று சொன்னேன். உண்மையில் அந்த அலைகள் அவ்வளவு அழகு. அண்ணன் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

“ஒன்ன வெச்சிகினே பேசறமேன்னு நெனைக்காதண்ணா” என்றான் எத்திராஜ். “பழக்கம் வேற, புக்கு வேற.”

“அட பேசுங்கப்பா. குத்தம் சொல்றான்னா கடைசி வரைக்கும் பாத்திருக்கான்னு அர்த்தம்” என்றார் அவர். இதை அவர் அடிக்கடி சொல்வார், உங்களுக்கே தெரியும். அன்று சொன்னபோது மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே சொன்னார். யாராவது ஒருவர் புத்தகத்தை மடித்துக்கொண்டு சும்மா இருப்பார் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. நாங்கள் யாரும் சும்மா இருக்கவில்லை.

கடிதத்தை எழுதியது நான். மேலங்கி, முகமூடி, கால், அலை எல்லாவற்றையும் எழுதி, ‘புதிய ஓவியர் வெள்ளிமுகனுக்குப் பொருத்தமானவர் அல்ல, பழைய ஓவியரையே தேடிப் பிடியுங்கள்’ என்று முடித்தேன். அந்தக் கடைசி வரி வெறும் வாய்க்கொழுப்பு. எழுதும்போது நன்றாக அமைந்துவிட்டது என்று ஒரு பெருமை வேறு. கடிதம் வட்டமாகச் சுற்றி அண்ணனிடம் வந்தது. நசீர் பாய் என்னைப் பார்த்தார். நான் டீ கிளாசைப் பார்த்தேன். ‘நீங்க போட வாணாண்ணா’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த வார்த்தையைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

“வட்டத்துல ஒருத்தன் பேரு உட்டுப்போனாலும் லெட்டர் போவாதே” என்று சிரித்துக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார். அப்படியே என்னிடம் நீட்டினார்.

அதன் பிறகு நடந்ததற்கு ஆசிரியரைக் குறை சொல்லி என்ன பயன்? ஓவியரே தன் படம் சரியில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எந்த ஆசிரியரும் என்ன நினைப்பார்? இவருக்கு விருப்பமில்லை, விலகிக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டார். ஏற்கனவே வரைந்து கொடுத்திருந்த இரண்டாவது இதழோடு அவரை நிறுத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் இதை எங்களிடம் சொன்னார். கத்தரிக்காய் விலையைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“அந்த ஆளுக்கு இன்னா, கொஞ்சமாச்சும் அறிவு கீதா? நம்ம பழக்கம் அவனுக்குத் தெரிய வாணாமா?” என்று எத்திராஜ் குதித்தான்.

“உடுப்பா, அவருக்கு இன்னா தெரியும்? நம்ம ஊரு பழக்கம் நம்ம ஊருக்கு” என்றார் அண்ணன். நான், “நாம வேணா இன்னொரு லெட்டர் போடலாண்ணா” என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, “வாணாண்டா. போட்டது போட்டாச்சு. பேஜாரு” என்றார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

மூன்றாவது இதழில் புதிய ஓவியரின் வெள்ளிமுகன் வந்தான். பார்டர் இல்லாத மேலங்கி, விறைப்பான மூஞ்சி. அதே இதழில் வாசகர் பக்கத்தில் முதல் இதழைப் பற்றிய கடிதங்களும் வந்திருந்தன. வந்தவாசிக்காரர் ஒருவர் புகழ்ந்திருந்தார். சேத்துப்பட்டிலிருந்து ஒரு பெண், ‘வெள்ளிமுகன் கையைத் தேய்த்துக்கொண்ட கட்டத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். இத்தனை நாள் அவனுக்கு வலிக்கும் என்று யாருமே நினைக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். நசீர் பாய் அதைச் சத்தமாகப் படித்தார். பாதியில் குரல் இறங்கிப்போனது. ‘ஆரணி வாசகர் வட்டம்’ என்று அடுத்தாற்போல் இருந்த நம் கடிதத்தை அவர் படிக்கவில்லை.

“பாய், அந்தச் சேத்துப்பட்டு லெட்டர இன்னொரு தபா படி” என்றார் அண்ணன்.

படித்தார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். யாரோ முன்பின் தெரியாத பெண் அவருக்குச் சொன்னதை, தினமும் அவரோடு டீ குடித்த நமக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். எனக்கும் அந்தக் கட்டம்தான் பிடித்தது என்று சொல்ல நினைத்தேன். இப்போது சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பார் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகும் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை. புதிய ஓவியரின் படங்களில் நாங்கள் குற்றம் தேடும்போது மட்டும், “எனக்கு ஒண்ணும் தெர்லப்பா, நல்லாத்தான் கீது” என்பார். நம் வட்டத்தின் வழக்கத்தை மீறி ஒரு ஓவியனை ‘நல்லாத்தான் கீது’ என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதுவும் தன் இடத்துக்கு வந்தவனை.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சரோஜா அண்ணி டீ போட்டுக் கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். வெள்ளிமுகன், இந்த மாதத்து இதழ், அண்ணன் தன் முறைக்கு வாங்கிப்போயிருந்த வட்டத்துப் பிரதி.

“இதான் தம்பி அவரு கடைசியா வரைஞ்சது” என்றார். “மாசாமாசம் புக்கு வந்ததும் கொண்டாந்து காட்டுவாரு. ஒடம்பு முடியாதப்பகூட உக்காந்து வரைஞ்சிகினே இருந்தாரு.”

தன்னை நிறுத்திவிட்டார்கள் என்று அவர் வீட்டில் சொல்லவேயில்லை. சொன்னால், ஏன் நிறுத்தினார்கள் என்று கேள்வி வரும். யார் எழுதிப் போட்டது என்று வரும். நம் பெயர்கள் வரும். அண்ணிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, படம்தான் பார்ப்பார். தயவுசெய்து இதை யாரும் அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

அண்ணி ஒரு பக்கத்தைத் திருப்பி என் மடியில் வைத்தார். விறைப்பான மூஞ்சியோடு அந்த வேறொரு ஆளின் வெள்ளிமுகன் பாய்ந்துகொண்டிருந்தான்.

“நீங்கல்லாம் வெவரம் தெரிஞ்சவங்க தம்பி. ‘பசங்க ஒருத்தனும் நல்லா கீதுன்னு சொல்லமாட்டான், அது எங்க பழக்கம்’னு சிரிச்சிகினே சொல்வாரு. இப்பதான் அவரே இல்லியே. நெசமாச் சொல்லுங்க, அவரு நல்லா வரைவாரா?”

“ரொம்ப நல்லா கீது அண்ணி” என்றேன். “இந்த மாதிரி யாருமே வரைஞ்சதில்ல.”

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கிளம்பும்போது, “அவரு ஞாபகமா நீங்களே வெச்சிக்கோங்க” என்று அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எந்த வழியும் இல்லை.

அண்ணன் வரைந்த இரண்டு இதழ்களும் கண்ணமங்கலத்துப் பக்கம் கைமாறிப் போய்த் திரும்பி வரவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அண்ணி கொடுத்த இந்தப் புத்தகம் ஒன்றுதான். பெட்டியில் பட்டுத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். அதில் அவர் போட்ட கோடு ஒன்றுகூடக் கிடையாது.