நாவுல ரோட்டில் ஒரு மானும் ஒரு பிடி மஞ்சளும்

லொறியின் முன்பக்கத்திலிருந்து தண்ணீர் ஒழுகிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உள்ளே தங்கை ரோசம்மா வலியில் துடித்தாள். ரோட்டின் நடுவே மான் விழுந்து கிடந்தது. மாத்தளை ஆஸ்பத்திரியோ வெகுதூரம். அந்த நேரத்தில் எங்களைக் கைவிடாத சர்வேசுரனுக்குத் தோத்திரமாக இதை எழுதுகிறேன்.

நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தப் படிப்பால் லைசென்ஸ் எடுத்து, நாவுலயில் ஒரு முதலாளியின் மரக்கறி லொறியை ஓட்டுகிறேன். சென்ற ஐப்பசியில் ரோசம்மாவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். முதலாளி இரங்கி லொறியைக் கொடுத்தார். அம்மா ஒரு மூட்டையோடு ஏறினார்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கும்மா இம்புட்டு மஞ்சத்தூளு? அங்க போயி கறியாக்கப் போறியா?"

"பிள்ளைய மஞ்சத்தண்ணியில குளிப்பாட்ட வேணாமா? நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா."

மசங்கல் நேரம். காட்டோரத்தில் ஒரு பெண்மான் குறுக்கே பாய்ந்தது. ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்பது அந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். வேகத்தைக் குறைத்து ஹார்ன் அடித்தேன். இரண்டாவதும் போனது.

"போயிருச்சுண்ணே, சீக்கிரம் போண்ணே" என்று ரோசம்மா கெஞ்சினாள்.

அவள் அழுகைக்கு மனம் இளகி, கொஞ்சம் வேகம் கொடுத்தேன். அப்போதுதான் கொம்புமான் பாய்ந்து, விளக்கு வெளிச்சத்தில் மிரண்டு நின்றுவிட்டது. இடப்பக்கம் பள்ளம், கீழே ஓடை. ஸ்டியரிங்கை ஒடித்திருந்தால் எல்லோரும் போயிருப்போம். "அந்தோனியாரே!" என்று கத்தினேன். கை ஒடிக்கவே இல்லை. நேராகப் பிடித்தபடி பிரேக்கை மிதித்தேன். மான்மேல் மோதி லொறி நின்றது. அந்தக் கையைப் பிடித்திருந்தது நானல்ல என்றே நம்புகிறேன்.

காயப்பட்ட மானுக்குக் கிட்டப் போனால் உதைத்துக் கிழித்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு எட்டவே நின்றேன். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. புகையிலை ஏற்றி வந்த ஒரு முஸ்லிம் வியாபாரி, லாந்தரைத் தூக்கிப் பார்த்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ன தம்பி, எறச்சிக்கா நிக்கிற?"

"ஐயோ இல்ல நானா! தங்கச்சிக்குப் பிரசவ வலி."

"எனக்கும் வேணாம்பா. அறுக்காமச் செத்தா ஹராமு."

அது காதில் விழுந்ததோ என்னவோ, மான் தள்ளாடி எழுந்து, நொண்டிக்கொண்டே காட்டுக்குள் போய்விட்டது. அந்த வலியிலும் ரோசம்மா சிரித்துவிட்டாள்.

ஆனால் கொம்பு குத்தி ரேடியேட்டரில் சின்னதாக ஓட்டை. தண்ணீர் இல்லாமல் லொறி ஓடாது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, "ஒரு மெக்கானிக்கையாவது அனுப்பும் சுவாமி" என்று அழுதேன். மெக்கானிக் வரவில்லை. மஞ்சள் வாசனைதான் வந்தது. பிரேக் போட்ட வேகத்தில் அம்மாவின் மூட்டை அவிழ்ந்து காலடியில் கொட்டிக் கிடந்தது.

ரேடியேட்டர் ஒழுகினால் ஓட்டையை அடைக்க லொறிக்காரர்கள் அதில் மஞ்சள்தூள் போடுவார்கள். பயத்தில் எனக்கு அது மறந்தே போயிருந்தது. சூடு தணியும்வரை அம்மா செபமாலை உருட்டினார். பிறகு மூடியைத் திறந்து மஞ்சளைப் போட்டேன். நானா, தன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் வாளியில் ஓடைத் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார். ஒழுகல் சொட்டாகி, மெல்ல நின்றது.

"ஊர்த்தலைவரு ஆராச்சிக்கிட்ட மான் விசயத்த நான் சொல்லிக்கிறேன். நீ போ தம்பி, ஆண்டவன் இருக்கான்" என்றார் நானா.

வழிநெடுகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மாத்தளை சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆண் பிள்ளை, அந்தோனி என்று பேர். வஹகோட்டை அந்தோனியார் கோவிலுக்கு நடந்தே போய் மெழுகுதிரி ஏற்றி வந்தோம்.

இப்போதெல்லாம் செபம் சொல்லாமல் லொறியைக் கிளப்புவதில்லை. ஒரு மான் குறுக்கே போனால், பின்னால் இருப்பவர்கள் எவ்வளவு திட்டினாலும், நிறுத்தி ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்துத்தான் எடுக்கிறேன். இதை வாசிக்கிறவர்களே, நீங்களும் சுவாமியிடம் கேளுங்கள். கேட்டது வரவில்லையே என்று கலங்கும்போது காலடியையும் ஒருமுறை பாருங்கள்.

மூட்டையின் அடியில் ஒரு பிடி மஞ்சள் மிஞ்சியிருந்தது. அதில்தான் அம்மா அந்தோனியைக் குளிப்பாட்டினார்.