ஊதாக் கறை

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூரில் ஓர் அரசு அலுவலகத்தின் பொருட்கிடங்குக்கு நான்தான் எழுத்தர். விதிமுறைப் புத்தகத்தை நான் படித்த அளவுக்கு, அதை எழுதியவர்கள்கூடப் படித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் புகைப்படக்காரர் ஸ்ரீராம்புரத்துக்காரர். ஆறு வருஷமாகத் தற்காலிக ஊழியர். நிரந்தர உத்தரவு கையெழுத்துக்குப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சரிபார்ப்பு அதிகாரி வந்தார். புகைப்படக்காரர் கையில் இருந்த அலுவலகத்தின் ஜெர்மன் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "லென்ஸில் ஊதாக் கறை. பராமரிப்பு போதாது" என்று எழுதினார். ஒரு மாதத்தில் மறுபடி பார்ப்பாராம். அதுவரை உத்தரவு நிற்கும்.

"அது கறையில்ல சார். அந்த கிளாஸே அப்படித்தான்" என்றார் புகைப்படக்காரர்.

"அப்படித்தான்னு எந்த ரூல்ல இருக்கு?" என்றேன்.

அவருக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். மறுநாள் அவர் வெளிவேலைக்குப் போனதும், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அசையவில்லை. ரோஸ் நிறப் பல்பொடியை எடுத்தேன். பத்து நிமிஷத்தில் பாதிக் கண்ணாடி பளீரென்று வெளுத்தது. வெற்றி என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "வேலை போச்சு சார்" என்றார். என்னைத் திட்டக்கூட இல்லை.

ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் கண்ணாடிக்குப் பூச்சு போடும் ஒருவரை அவருக்குத் தெரியும். பொருளை வெளியே எடுக்கும் சீட்டை நானே எழுதினேன். 'பழுதின் காரணம்' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன். அப்புறம் நிரப்பலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

பூச்சு போடுகிறவர் ஜோகுபாளையத்து ஆள். லென்ஸின் முன்கண்ணாடியைக் கழற்றி, அதில் பல்பின் பிம்பத்தைக் காட்டினார். நான் தேய்த்த பக்கத்தில் பல்பு வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. தேய்க்காத பக்கத்தில் மங்கலாக, ஊதாவாக இருந்தது.

"பாத்தீங்களா சாமி? இங்க வெளிச்சம் திரும்பி ஓடுது. அங்க ஊதாப் பூச்சு இருக்கறதால உள்ள போகுது. அழுக்குன்னு நெனச்சு வாசக்கதவையே பேத்து எடுத்துட்டீங்க. எதால தேச்சீங்க?"

சொன்னேன்.

"நல்லவேளை, செங்கல் பொடி கையில கிடைக்கல" என்றார்.

மிச்சப் பூச்சையும் எடுத்துவிட்டு, கண்ணாடியை ஒரு பெரிய கண்ணாடி மூடிக்குள் கவிழ்த்துத் தொங்கவிட்டார். பம்பு காலையிலிருந்து மதியம்வரை உள்ளிருந்த காற்றை உறிஞ்சியது. கீழே சின்ன உலோகத் தட்டில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. தட்டு சிவக்கச் சிவக்கப் பொடி ஆவியாகி மேலே போகிறது என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சோப்புக் குமிழியின் தோல் அளவுதான் படியுமாம்.

"அளக்க மீட்டர் இல்லையா?"

"கண்ணுதான் மீட்டர். சொல்ப பேசாம இருங்க சாமி."

கண்ணாடியில் தெரிந்த பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பிம்பம் வைக்கோல் நிறமானது. பிறகு செம்பு. யாரும் தொடாத கண்ணாடியில், எதுவுமே இல்லாத இடத்திலிருந்து நிறம் வந்துகொண்டிருந்தது. நாவல்பழ நிறம் எட்டிப்பார்த்த கணத்தில் அவர் கை சுவிட்சை அணைத்தது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா?"

"நீலமாயிடும். மறுபடி சுரண்டி, மொதல்லேர்ந்து."

எந்த விதியும் அந்தக் கணத்தைச் சொல்லித்தர முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் கேட்கக் கேள்வி இல்லை.

மாத முடிவில் அதிகாரி வந்தார். கேமராவை அதே ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"என்னப்பா இது, கறை அப்படியே இருக்கு? இந்த ஆளு தொடவே இல்லையா?" பேனா மூடியைக் கழற்றினார்.

புகைப்படக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான்தான் மாட்டியிருப்பேன். சொல்லவில்லை.

மேசை இழுப்பறையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன். காலியாக இருந்த இடத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அதிகாரி முன் வைத்தேன்: 'இது கறை அல்ல, லென்ஸின் பூச்சு. கிடங்கு எழுத்தர் பல்பொடியால் தேய்த்து அழித்தார். மறுபடி பூசப்பட்டது.'

அதிகாரி இரண்டு முறை படித்தார். "பல்பொடியா?" என்றார்.

"ஆமா சார்."

புகைப்படக்காரருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது. முறைப்படி, மூன்று நகல்களில்.