அணையாத என்ஜினும் ஒன்பது டீயும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள், லைசென்ஸ் வாங்கிய நான்காம் நாள், வேப்பனப்பள்ளியில் இருக்கும் தோழி வீட்டுக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போனாள். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னவள் மூன்று மணிக்குத்தான் வந்தாள். போனையும் எடுக்கவில்லை. அவள் பத்திரமாக வந்து ஐந்து நாளாகிறது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறேன். அப்படி எட்டிப் பார்த்தபோதுதான் மாமாவின் கார் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா ஓசூரில் உரக்கடை வைத்திருந்தார். அவருடைய பழைய கார் என்ஜின் போய் வீட்டு வாசலில் நின்றது. அம்மாவின் தம்பியான மாமா, தொழிற்பேட்டையில் மெஷின் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். விபத்தில் நசுங்கிய வேறொரு காரிலிருந்து, கார்புரேட்டர் இல்லாத, கம்ப்யூட்டர் பெட்டி அளந்து பெட்ரோல் பீய்ச்சும் புது மாதிரி என்ஜினை எடுத்துவந்து அதில் பொருத்தினார். காற்று போகும் குழாயைத் தானே லேத்தில் கடைந்தார். ஆறு மாத ஞாயிறுகள் அதற்கே போயின.

கார் கிளம்பியது, ஓடியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் வம்பு. ஊ என்று ஏறும், உம் என்று இறங்கும், மறுபடி ஏறும், பிறகு ஒரு உதறு உதறி அணைந்துபோகும். நிற்கும்போது என்ஜின் அணையாமலிருக்கப் பக்கவழியாகக் கொஞ்சம் காற்று விடும் சின்ன வால்வு ஒன்று அதில் உண்டு. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் பெட்டியின் பொறுப்பு. மாமாவின் கையோ கார்புரேட்டரில் பழகிய கை. வண்டி அணைந்தால், காற்றின் பெரிய வழியைக் கொஞ்சம் திறந்துவைக்கும் ஐடிலிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகிவிடும். அணையும், திருகுவார். மறுபடி அணையும், மறுபடி திருகுவார்.

அப்பாவின் பொறுமை தீர்ந்தது. திங்கட்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து காயலான் கடைக்காரர் வந்து காரை இழுத்துப்போவார் என்று அறிவித்தார். அதற்குள் அத்திப்பள்ளி எல்லையில் நிற்கும் லாரி வரிசைக்குள் புகுந்து, ஒருமுறைகூட அணையாமல் திரும்பி வந்தால் கார் பிழைக்கும்.

ஞாயிறு காலை மாமா கடைசியாக ஒருமுறை திருகிக்கொண்டிருந்தார். அப்பா பல் விளக்கியபடியே எட்டிப் பார்த்தார். பாரூர் ஏரி வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சி வளர்ந்தவர் அவர். மாமா புலம்பியதைக் கேட்டதோடு சரி, என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

“என்னா மாப்ள, பெரிய மதகைப் பாதி தெறந்து வெச்சிக்கினு, சின்ன மடையில தண்ணிய அளக்கறியா? எங்கூர்ல இப்பிடிப் பண்ணா வயலே முழுகிரும்” என்று சிரித்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

மாமா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார்: பெரிய வழியை இவர் திறந்துகொண்டே போனால், சின்ன வால்வை வைத்துப் பெட்டி எதை அளக்கும்?

பிறகு அத்தனை மாதமாகத் திருகியதையெல்லாம் வந்த வழியே திருப்பித் திருகினார். பெரிய வழி மூடியது. பழசையெல்லாம் பெட்டி மறக்கட்டும் என்று பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஒரு பீடி குடித்தார். மறுபடி மாட்டிக் கிளப்பினார். சத்தம் ஏறியது, இறங்கியது, இறங்கிய இடத்திலேயே அணையாமல் நின்றுகொண்டது. சோதித்துப் பார்க்க ஹெட்லைட்டைப் போட்டார். சத்தம் லேசாகத் தொய்ந்து, தானே நிமிர்ந்தது.

“மாமா! உங்க மதகுதான் மாமா!” என்று மாமா அப்பாவைப் பார்த்துக் கத்தினார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “வரிசையில நிக்கட்டும், பாக்கலாம். பன்னண்டுக்குள்ள புள்ளய கொண்டாந்து வுட்ரு” என்றார். நான் அதற்குள் முன் சீட்டில் ஏறியிருந்தேன்.

அத்திப்பள்ளியில் வரிசை நத்தையாக நகர்ந்தது. நின்றோம், நகர்ந்தோம், நின்றோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என்ஜினின் மூச்சு மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து லாரியிலிருந்து ஒரு கன்னடக்கார டிரைவர் தலையை நீட்டி, “ஏனப்பா, காடி ஆஃப் ஆய்தா? தள்ளிக் குடுக்கட்டா?” என்று கேட்டார். அவ்வளவு அமைதி! மாமா ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு மிதி மிதித்துக் காட்டினார்.

ஜெயித்தவர்களுக்கு நேராக வீடு திரும்ப மனம் வருமா? ஓசூர் வந்ததும் ராயக்கோட்டை சாலையில் திரும்பி உத்தனப்பள்ளி வரை போனோம். அங்கே என்ஜினை அணைக்காமலே நிறுத்தி போண்டா தின்றோம். சும்மா, அது நிற்காமல் நிற்கும் அழகைப் பார்ப்பதற்காக. செல்போன் எங்கள் தெருவுக்கு வராத காலம் அது.

தெருமுனைக்கு வரும்போது மணி மூன்று. டீக்கடை வாசலில் அப்பா நின்றிருந்தார். மாமா காரை அவர் காலடியில் கொண்டுபோய் நிறுத்தி, “கேளுங்க மாமா, கேளுங்க” என்றார். அப்பா என்ஜினைக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார். “அணைச்சிரு மாப்ள, போதும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

டீ மாஸ்டர் என்னிடம் குனிந்து, “உங்கப்பா இன்னிக்கு ஒம்போது டீம்மா. சோத்துக்குக்கூட வூட்டுக்குப் போவல” என்றார்.

“தோத்துட்டாருல்ல, வயித்தெரிச்சல்” என்றார் மாமா. நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். மறுநாள் அப்பா காயலான் கடைக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பினார். ஒரு பந்தயத்தில் தோற்றதற்கு மனிதர் இவ்வளவு வாடுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெகுநாள் அதைச் சொல்லி அவரைக் கேலி செய்தேன். அவரும் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

போன ஞாயிறு மகள் உள்ளே வந்து கை கழுவப் போனாள். தொட்டியில் கிடந்த டீ டம்ளர்களைப் பார்த்துவிட்டு, “யாரும்மா வந்திருந்தாங்க, இவ்ளோ பேரு?” என்று கேட்டாள்.

யாரும் வரவில்லை என்றேன்.