வசந்தா அக்காவின் காய்க்காத மாமரம்

வசந்தா அக்கா போயிட்டாங்க.

காலையில் மாமா போன் பண்ணினார். தூக்கத்திலேயே... என்றார்.

காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர். ஆனால் ஒருநாளும் ஹவுஸ் ஓனர் என்று சொன்னதில்லை. அக்கா தான். அதனால் அவங்க வீட்டுக்காரர் மாமா.

பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது, குஞ்சம் கட்டுவது, இதுதான் அக்காவின் வேலை. வீடு முழுக்க கலர் கலராக நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆபீஸில் என் துப்பட்டாவில் இருந்து யாராவது ஒரு பட்டு நூலை எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

பின்பக்கத் தோட்டத்தில் கொய்யா, எலுமிச்சை, மாதுளை. அணில் கடிக்கக் கூடாதென்று மாதுளைக்கெல்லாம் மிச்சமான ஜாக்கெட் பிட்டில் சின்னச் சின்னப் பை தைத்து மாட்டி விடுவாங்க. கிளிப்பச்சை, வாடாமல்லி, மயில் கழுத்து... கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும்.

நடுவில் அந்த மாமரம்.

ஐயம்பேட்டையில் அக்காவோட அம்மா வீட்டில் சாப்பிட்ட பழத்தின் கொட்டை. கொண்டுவந்து நட்டது அக்கா. மாடி வரைக்கும் வளர்ந்துவிட்டது, ஆனால் இதுவரை ஒரு பிஞ்சு விட்டதில்லை.

மாமா பஸ் டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு ரோஜா பைத்தியம். அதுவும் பன்னீர் ரோஜா, நாட்டு ரோஜா மட்டும். இப்போது வருகிற பெரிய பெரிய ரோஜாவைக் காட்டினால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்.

மாமர நிழலால்தான் ரோஜா சரியாகப் பூக்கவில்லை என்பது அவர் கட்சி. வெயில் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ரோஜாத் தொட்டிகளை இழுத்துக்கொண்டே திரிவார். அக்கா குஞ்சம் முடிந்தபடியே அதைப் பார்த்துச் சிரிப்பாங்க.

இதைக் கண்டிப்பா வெட்டணும் என்று மாமா ஆரம்பித்தால் அக்காவிடம் ஒரே பதில்தான். "நான் போன அப்பறம் வெட்டிக்கோ. அதுவரைக்கும் தொட்டிய நவுத்திக்கினு இரு."

சரி, காய்க்காத மரத்தை என்ன செய்வது? மிரட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் நிறைய வீட்டில் செய்வதுதான். ஒருத்தர் அரிவாளோடு வெட்ட வரணும், இன்னொருத்தர் வேணாம் என்று கெஞ்சணும். அந்த பயத்தில் மரம் காய்க்கும்.

மாமா கெஞ்ச மாட்டார் என்பது உலகத்துக்கே தெரியும். அதனால் அந்த வேஷம் எனக்கு. வீட்டு மனுஷங்க கெஞ்சினா மரம் கண்டுபிடிச்சிடும், குடித்தனக்காரங்க கெஞ்சினா தான் நம்பும் என்று அக்கா ஒரு ரூல் வேறு வைத்திருந்தாங்க.

தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரிவாளை ஓங்கிக்கொண்டு போவாங்க.

"தண்ணிய குடிச்சிக்கினு சும்மா நின்னுக்கினு இருக்குற. இன்னிக்கி உன்ன விடப் போறதில்ல."

நான் ஓடிப் போய்க் குறுக்கே நிற்பேன். "வேணாங்க்கா, விட்ருங்க. இந்த வருஷம் காய்ச்சிடும்."

அக்கா கொஞ்ச நேரம் மரத்தை முறைத்துவிட்டு, "நீ சொல்றியேன்னு விடுறேன்" என்பாங்க. அரிவாளைத் துணி துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டு, இரண்டு பேரும் காபி குடிக்கப் போவோம்.

மாமா பின்வாசலில் சாய்ந்து நின்று பார்ப்பார். ரெண்டும் லூசு என்று ஒரு பார்வை.

தாம்பரத்துக்கு வீடு மாறின பிறகும் அக்கா விடவில்லை. போன வருஷம் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன், போன். ஸ்பீக்கர் போட்டு மரத்துப் பக்கத்தில் வைத்திருக்காங்களாம். கெஞ்சு என்றாங்க.

கெஞ்சினேன். வெட்டாதீங்கக்கா விட்ருங்கக்கா என்று. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது... பக்கத்து சீட் அம்மா தண்ணி பாட்டிலை நீட்டினார்.

தைக்கு வந்துடு என்று போன வாரம்தான் சொன்னாங்க.

இன்று போனேன். மாமா செடியில் இருந்த ரோஜா அத்தனையும் பறித்து அக்கா தலைமாட்டில் வைத்திருந்தார். ஒரு பூவைக்கூட யாரையும் தொட விடாதவர்.

பின்பக்கம் ஷாமியானா போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமரக் கிளை இடித்தது. சொந்தக்காரர் ஒருவர் அரிவாளோடு வந்தார். காய்க்காத மரம்தானே, கிளை எதுக்கு, மொத்தமாகவே எடுத்துடலாம் என்று சொல்லி மாமாவைப் பார்த்தார்.

மாமா தலையை மட்டும் அசைத்தார். சரி என்றா, வேண்டாம் என்றா, யாருக்கும் புரியவில்லை.

சொந்தக்காரர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு அரிவாளை ஓங்கினார்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. குறுக்கே போய் நின்றுவிட்டேன். "வேணாங்க... விட்ருங்க. இந்த வருஷம் காய்ச்சிடும்."

துக்க வீட்டில் இப்படிக் கத்தினால் பார்க்கத்தானே செய்வார்கள். எல்லோரும் பார்த்தார்கள். கூட வந்திருந்த என் மாமியார் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு அழுகை அடங்கவே இல்லை.

மாமா எழுந்து வந்தார். சொந்தக்காரர் கையில் இருந்த அரிவாளை வாங்கினார். மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"நீ சொல்றியேன்னு விடுறேன்."

துவைக்கிற கல் மேல் அரிவாளை வைத்துவிட்டு, திரும்பப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஷாமியானாவைத் தெருப்பக்கம் மாற்றிப் போட்டார்கள்.

போயிட்டு வாங்கக்கா... தைக்கு நான் வந்துடறேன்.