ரப்பர் பால் பூசிய தோணி

எங்கள் சித்தி கட்டிய தோணியை அறுத்து விறகாக்கினார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மலையில் தோணிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பலாங்கொடைப் பக்கம் எங்கள் ஆட்கள் கூலி வேலை செய்கிற தோட்டம், தேயிலையும் உண்டு, ரப்பரும் உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த காலத்தில் கீழே ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, நாங்கள் பஸ் ரோட்டுக்கு இறங்குகிற பாதையை அப்படியே விழுங்கிவிட்டது. அக்கரையில் பஸ் போவது கண்ணுக்குத் தெரியும். அதில் ஏற வேண்டுமானால் தண்ணீரைச் சுற்றி அரை நாள் நடக்க வேண்டும். கரண்டுக்காகத்தான் அணை என்றார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்குக் கரண்டும் வரவில்லை, இருந்த பாதையும் போனது.

சித்தி நீர்கொழும்புக்காரி. சித்தப்பா கொஞ்ச காலம் அங்கே மீன்வாடியில் வேலை செய்யப் போனவர், திரும்பி வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுடைய தகப்பன் வீட்டில் தலைமுறையாகத் தோணி கட்டுகிறவர்கள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, சிங்களமும் தமிழும் கலந்து பேசுவாள், கொழுந்து எடுக்க வராது. லயத்துப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் மீன்காரி என்றுதான் சொல்வார்கள்.

வந்த வருஷத்து அடைமழையில் சித்திக்கு வலி எடுத்தது. கம்பளியில் படுக்கவைத்து, கம்பில் கட்டி, தண்ணீரைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் செத்தும் போனது. அடுத்த வருஷம் அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். மழை பிடிக்குமுன் தண்ணீரை நேரே கடக்க ஒரு தோணி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அதனால்தான். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். என் காதில் யாரும் போடவில்லை. எனக்குத் தோணி என்றால் லீவுக்கு ஒரு விளையாட்டு, அவ்வளவுதான்.

கீழ்க் கிராமத்தில் ஒரு சிங்கள முதலாளியின் தோட்டத்தில் காற்றுக்கு மலைவேம்பு ஒன்று சாய்ந்து கிடந்தது. தூக்கிக்கொண்டு போக முடியுமானால் எடுத்துக்கொள் என்றார் அவர். ஒரு பைசா கேட்கவில்லை, நல்ல மனிதர். சித்தி சொல்லச் சொல்ல எங்கள் ஆட்கள் மரத்தைக் குடைந்து அடிப்பாகம் செய்தார்கள். மேலே பலகை வைத்து, ஓட்டை போட்டு, தும்புக் கயிற்றால் தைத்தார்கள். ஆணியே கிடையாது. "தோணியைத் தைப்பாங்களா? இது என்ன பாவாடையா?" என்று சித்தப்பாவிடம் கேட்டுவிட்டு என் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சித்தி கயிற்றைக் காலால் மிதித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். கவிழாமலிருக்க ஒரு பக்கத்தில் இரண்டு கம்புகளை நீட்டி, நுனியில் ஒரு மிதப்புக் கட்டையைக் கட்டினாள். பாய்க்கு லயம் முழுக்கக் கோதுமை மா வந்த மாச்சாக்கு கேட்டு வாங்கினோம். துணி உளுத்துப்போகாமலிருக்க எங்களுக்குத் தோட்டத்தில் கொடுக்கிற தேயிலைத் தூளைப் போட்டு அண்டாவில் காய்ச்சி அதில் முக்கினாள். எங்கள் வீட்டில் அந்த மாதம் வெறுந்தண்ணீர்தான்.

அடைப்பதில்தான் கோளாறு வந்தது. தையல் போட்ட இடங்களில் தண்ணீர் ஏறாமலிருக்கக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூச வேண்டும் என்றாள் சித்தி. பலாங்கொடைக் கடைகளில் அவ்வளவு குங்கிலியம் எங்கே கிடைக்கும்? எங்கள் ஆட்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு ஓட்டை அடைக்கக் கடைக்குப் போவதா? சித்தப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அவர் மட்டுமல்ல, பால் வெட்டுகிற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சிரட்டைப் பால் கொண்டுவந்து ஊற்றினார்கள். தையலில் மட்டும் பூசுங்கள் என்று சித்தி கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள். யார் கேட்டார்கள்? உள்ளே, வெளியே, உட்காருகிற பலகை என்று ஒரு இடம் விடாமல் தடித்தடியாகப் பூசி, ரப்பர் ஷீட்டுக்குப் போடுவது போல அடியில் புகையும் போட்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது என்று தட்டிக் காட்டினார்கள். ஏறவும் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆவணி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தோணியை இறக்கினோம். முதலில் தானும் புருஷனும் மட்டும் ஒரு சுற்றுப் போய் வருகிறோம் என்றாள் சித்தி. எங்கள் தோட்டத்தில் அது நடக்குமா? சாமி புறப்பட்டாலும் சரி, புதுக் கக்கூஸ் திறந்தாலும் சரி, முதல் மரியாதை தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கருக்கும் தொழிற்சங்கத் தலைவருக்கும்தான். தோணிக்கு மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, தப்பு அடித்து, மாலை போட்டு, அந்த இரண்டு பேரையும்தான் பலகையில் உட்காரவைத்தார்கள். பெரிய கிளாக்கர் வெள்ளைவெளேரென்று நீளக் காற்சட்டை. தலைவர் பட்டு வேட்டி. அதோடு விட்டார்களா, ஆளுக்கு ஆள் பேசி முடிக்கிறவரைக்கும் இருவரும் அந்த வெயிலில் அதே பலகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தோணி நன்றாகவே போனது. சித்தப்பா துடுப்பைப் பிடிக்க, சித்தி பாயை அவிழ்த்துவிட்டாள். காற்று வாங்கிக்கொண்டு அது அக்கரைப் பக்கம் பாய்ந்த வேகத்தைப் பார்த்து, மீன்காரி என்ற பெண்களெல்லாம் குலவை போட்டார்கள். ஒரு வட்டம் அடித்துக் கரைக்குத் திரும்பினார்கள். பெரிய கிளாக்கர் கை கூப்பியபடி எழுந்தார். எழ முடியவில்லை. வெயிலில் பால் இளகி, காற்சட்டையோடு அவரைப் பிடித்துக்கொண்டது. தம் கட்டி இன்னொரு தடவை எழுந்தார். அவர் வந்தார், காற்சட்டையின் பின்பக்கம் பலகையிலேயே தங்கிவிட்டது. தலைவர் புத்திசாலி, வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கரையில் எழுந்த சிரிப்பை நான் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. தப்புக்காரர்கள் தப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நான் மண்ணில் உருண்டேன். சித்தி மட்டும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோணியைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வேணாம், ஐயோ, ஒருத்தரும் சிரிக்க வேணாம்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. இவளுக்கு ஏன் இந்த அழுமூஞ்சித்தனம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பெரிய கிளாக்கரோடு தோட்டத்துக் காவல் வாச்சர்கள் வந்தார்கள். பெரிய கிளாக்கர் தன் காற்சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டத்துப் பாலை யார் எடுத்தது என்றுதான் கேட்டார். சிரட்டை சிரட்டையாகக் கொண்டுவந்து ஊற்றிய வீரர்கள் எல்லாரும் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள். என் அப்பாவும்தான். சித்தப்பா ஒருவர்தான் கையைத் தூக்கினார். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தோணி? மரம் முதலாளி கொடுத்தது, பாய் எங்கள் மாச்சாக்கு, உழைப்பு எங்களுடையது. ஆனால் பாலைத் தோணியிலிருந்து பிரிக்க முடியாதாம், அதனால் தோணியும் தோட்டத்துச் சொத்தாம். இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ! அதற்குத் தலையாட்டியவர், முந்தின நாள் நாங்கள் மாலை போட்ட அதே தலைவர். ஸ்டோருக்கு முன்னால் வைத்து அறுத்து, ரப்பருக்குப் புகை போடுகிற வீட்டில் எரித்தார்கள். இரண்டு நாள் லயத்துக்கு மேலே கறுப்புப் புகை நின்றது.

அந்த வாரமே சித்தி துணிமணிகளை மூட்டை கட்டினாள். தாய் வீட்டுக்குப் போகிறாளாம். தோணி போனால் என்ன, கிராமத்தில் இன்னும் எத்தனையோ மரம் நிற்கிறது, தைக்கத் தும்பு இருக்கிறது, இதற்குப் போய்ச் சித்தப்பாவை விட்டுவிட்டுப் போகிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பாதையில் குறுக்கே போய் நின்றேன்.

"இன்னொன்னு செய்வோம் சித்தி. நானும் கயிறு இழுக்கிறேன். கோவிச்சிக்கிட்டுப் போகாதீங்க."

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் தலையைத் தடவினாள்.

"கோவமில்ல மகள். இன்னொன்னு கட்ட நேரமில்ல."

நேரமில்லையாம்! மழைக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. எங்கள் லீவுகூடப் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பெரியவர்கள் எவ்வளவு லேசாகப் பொய் சொல்கிறார்கள் என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பஸ் ஏற்றிவிடப் போன சித்தப்பாவோடு அவள் தண்ணீரைச் சுற்றி மெதுவாக நடந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் அடிக்கடி நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். வேண்டுமென்றேதான் அப்படி ஆடி அசைந்து போகிறாள், நான் ஓடி வந்து மறுபடியும் கெஞ்ச வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள் என்று நினைத்து, நான் அசையாமல் நின்றுகொண்டேன்.