பைக்கற்றில் இருந்த நம்பர்

இன்று, கண்டக்குழியில் நான் வேலை செய்யும் விடுதியில், ஒரு வெள்ளைக்காரப் பெண் கோப்பியைக் குடித்துவிட்டு எந்தத் தோட்டத்துக் கொட்டை என்று கேட்டார்.

பைக்கற்றைப் பார்த்து, பதுளையில் உள்ள அந்தத் தோட்டத்தின் பெயரை வாசித்தேன். தோடம்பழ வாசம், கித்துள் கருப்பட்டி இனிப்பு என்றும் அதில் போட்டிருந்தது.

குசினியிலிருந்து சமையல்காரர் சிவா அண்ணன் ஓடிவந்தார்.

"தங்கச்சி, அது நம்ம தோட்டம். மழைக்கு அங்க மண்ணு சரிஞ்சதுல இருந்து, அங்க இருக்கிற அக்கா போன் எடுக்கல. அதுல நம்பர் இருக்கா?"

இருந்தது. அந்த நம்பருக்குக் கோல் எடுத்தோம். கொழும்பில் ஒருவர் பேசினார்.

"எத்தின கிலோ வேணும்?"

சிவா அண்ணன் அக்காவின் பெயரைச் சொன்னார்.

"ஆக்கள்ட விசயம் எங்களுக்குத் தெரியாது. நாங்க கோப்பி மட்டுந்தான் விக்கிற."

அண்ணன் அடுப்படிக்குத் திரும்பிப் போனார்.

தோட்டத்தின் ருசியை வரிவரியாக அச்சடித்திருக்கிறார்கள். அங்கே இருப்பவர்களைப் பற்றி யாரிடம் கேட்பது? பதுளைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.