மடு மீன்

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை.

அறுபதுகளின் கடைசியில், ஏனாத்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஏரியில் மனை போட ஒரு கான்ட்ராக்டர் வந்தார். ஊர் ஏரி அவர் கைக்கு எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் அந்த ஏரியின் நீர்கட்டி. மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. ஏரிக்குள் ஒரு மடு உண்டு. கோடையில் தண்ணீர் வற்றும்போது மீனெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் ஒதுங்கும். ஏரியில் எங்கே வேண்டுமானாலும் வலை போடலாம், மடுவில் மட்டும் கை வைக்கக் கூடாது. மழை வந்தால் ஏரி முழுக்கப் பெருகப் போகிற விதை மீன் அது. அப்போது கோடை, பக்கத்துக் கருவேல மரங்களில் நாரைக் குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை.

மண் லாரிகள் வந்த அன்று ஊரே வழி மறித்து உட்கார்ந்தது.

"குஞ்சு பறந்து போவட்டும்பா. மடு பக்கத்தையாவது உட்டுட்டு மண்ணு கொட்டு," என்றார் என் வீட்டுக்காரர்.

கான்ட்ராக்டர் தலையாட்டிவிட்டு லாரிகளைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் கான்ட்ராக்டர் போடச் சொன்ன தண்டோரா கேட்டது. மடுவில் மீன் பிடிக்கலாம், பிடித்தது பிடித்தவருக்கே. முந்தின நாள் மறித்து உட்கார்ந்த அதே ஜனம் கூடையோடு ஓடியது.

என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு மடுவுக்குள் நின்றார்.

"எவன் எறங்கினாலும் கால வெட்டிடுவேன்."

முதலில் இறங்கியவன் பக்கத்து வீட்டுப் பங்காளி. மண்வெட்டிக் காம்பால் அவன் தோளில் ஒரு போடு போட்டார். அவன் கழியால் திருப்பி அடித்ததில் இவர் கை எலும்பு முறிந்த சத்தம் கரையில் நின்ற எனக்கே கேட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் குதித்தேன். அவன் முதுகைக் கடித்தேன், வாயெல்லாம் ரத்தம். யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். சுற்றிலும் ஒரு வராலுக்காக அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கான்ட்ராக்டரின் ஆட்கள் அந்த நேரம் பார்த்துக் கோடாலியோடு மரங்களுக்குப் போயிருக்கிறார்கள். தடுக்க ஒரு ஆள் இல்லை. நான் கரையேறியபோது கருவேல மரங்கள் சாய்ந்து கிடந்தன. குஞ்சுகளை மிதித்துக்கொண்டே நடந்தார்கள். தாய் நாரைகள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தன. காலியான மடுவில் முதல் லாரி மண்ணைக் கொட்டியது.

ஜீப்பில் உட்கார்ந்திருந்த கான்ட்ராக்டரின் சட்டையைப் பிடித்தேன். அவர் என் கையை மெதுவாக விலக்கினார்.

"நான் யார் மேலயும் கை வெக்கலியேமா. உங்க ஊர்க்காரங்கதான அடிச்சிக்கினாங்க."

அது உண்மை. அதனால்தான் அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

சாயங்காலம் தெருவெல்லாம் மீன் குழம்பு வாசனை. வீட்டுக்காரர் கையில் கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பங்காளியின் பெண்டாட்டி ஒரு சட்டி குழம்போடு வாசலில் வந்து நின்றாள்.

"கோவிச்சிக்காதக்கா. அவருக்குக் குடு."

சட்டியைப் பிடுங்கி அவள் காலடியில் போட்டு உடைத்தேன். குழம்போடு மண்ணில் சிதறியதில் பாதிக்கு மேல் சினை.